செய்தியும் அச்சமும்: அளவை வழி ஓர் ஆராய்ச்சி

அச்சம் உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகிய குணம். விலங்கு தன் கண்முன் தோன்றும் பகைக்கே அஞ்சும். மனிதனோ காணாதவற்றுக்கும் அஞ்சுவான். தான் சென்றறியாத தேசத்தில், தான் கண்டறியாத ஒருவனுக்கு நேர்ந்த கேட்டைக் கேள்வியுற்று, அது தனக்கும் நேருமோ எனக் கலங்குதல் மனிதனுக்கே உரிய இயல்பு. காணாதவற்றை நமக்குக் காட்டும் தொழிலை இக்காலத்திற் பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் கையடக்கத் தொலைபேசியும் மேற்கொண்டுள்ளன. ஆகவே, இன்ன இடருக்கு அஞ்சல் வேண்டும், இன்னதற்கு அஞ்ச வேண்டா எனும் தீர்ப்புப் பெரும்பாலும் செய்தி வழியே நம் உள்ளத்திற் படிகின்றது. அத்தீர்ப்பு எத்துணை மெய்ம்மை உடையது? அது பிழைபடின் விளையுங் கேடு யாது? பிழையைத் திருத்தும் வழி யாது? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

விழா மலர் ஒன்றில் இப்பொருளை எடுத்துக்கொள்வது பொருந்துமோ எனச் சிலர் வினவுதல் கூடும். 1841 ஆம் ஆண்டிலே உதயதாரகையையும், 1889 ஆம் ஆண்டிலே இந்து சாதனத்தையும் கண்ட யாழ்ப்பாணத்தில், பத்திரிகை வாசிப்பும் கல்லூரிக் கல்வியும் உடன்பிறந்தவை போல வளர்ந்து வந்தன. மாணாக்கனை வாசிக்கச் செய்தல் கல்லூரியின் முதற் பணி. வாசித்ததை அளந்து கொள்ளச் செய்தல் அதன் முடிந்த பணி. முதற் பணியை நம் கல்லூரிகள் செவ்வனே ஆற்றியுள்ளன. முடிந்த பணியோ ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகச் செய்யப்பட வேண்டுவது.

மூவகை அளவை

சைவ சித்தாந்த நூலார் அறிவு பிறத்தற்கு வாயில்களாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைக் கொள்வர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். மலையிற் புகையைக் கண்டு ஆங்கு நெருப்பு உண்டென்று துணிவது கருதல். நம்புதற்குரியோர் வாக்கால் அறிவது உரை. பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறு கூறுபவனே நம்புதற்குரியோன் என்பது தருக்க நூலார் கொள்கை. காண்டலின்கண்ணும் குற்றம் உண்டு. குற்றியோ மகனோ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பெனத் துணிவது திரிபு.

செய்தி என்பது இம்மூன்றனுள் எதனைச் சாரும்? அஃது உரை என்பது வெளிப்படை. ஆயின் செய்தி உரையாகவே நின்று விடுவதில்லை. எரியும் வீட்டின் நிழற்படம், நொறுங்கிய பேருந்தின் தோற்றம், அழும் தாயின் முகம் ஆகியன நம் கண்முன் வருங்கால், உரை காண்டலின் வேடத்தைப் புனைந்து கொள்கின்றது. நாம் கேட்டதைக் கண்டதாக உணர்கின்றோம். அன்றியும், அத்தகைய செய்தி பலநாள் தொடர்ந்து வருமாயின், உள்ளம் தன்னையறியாமலே ஒரு கருதலைச் செய்கின்றது. ‘பலமுறை கேட்கப்படுகின்றது; ஆதலின் பலமுறை நிகழ்கின்றது’ என்பதே அக்கருதல்.

இக்கருதல் செம்மையுடையதா? நெருப்பின்றிப் புகை எழாது. ஆதலின் புகை நெருப்புக்குத் தக்க ஏதுவாயிற்று. செய்தியின் பெருக்கமோ நிகழ்ச்சியின் பெருக்கம் இன்றியும் எழும்; நிகழ்ச்சி பெருகியவழியும் செய்தி எழாமற் போதலும் உண்டு. இருபுறமும் பிறழும் ஏதுவை ஏதுப்போலி என்றே நூலோர் ஒதுக்குவர். நாம் ஆராயப் புகுந்த மயக்கத்தின் வேர் இதுவே.

நினைவுக்கு எளிதாதலும் எண்ணிக்கையும்

இம்மயக்கத்தை உளநூலார் சோதனை வாயிலாக ஆராய்ந்துள்ளனர். ஏமஸ் ற்வேர்ஸ்கி, டானியேல் கானெமன் என்னும் இருவர் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறையில் முதன்மை வாய்ந்தது. ஆங்கிலத்திற் குறித்த ஓர் எழுத்தை முதலிலே கொண்ட சொற்கள் மிகுதியோ, மூன்றாம் இடத்திலே கொண்ட சொற்கள் மிகுதியோ என அவர்கள் பலரை வினவினர். மூன்றாம் இடத்திலேயே மிகுதியாக வரும் எழுத்துக்களைத் தெரிந்து வினவியும், முதலிலே கொண்டனவே மிகுதி என்று பெரும்பாலோர் விடையிறுத்தனர். முதலெழுத்தைக் கொண்டு சொற்களை நினைவுக்குக் கொணர்தல் எளிது. மூன்றாம் எழுத்தைக் கொண்டு கொணர்தல் அரிது. எளிதில் நினைவுக்கு வருவதை மிகுதி எனக் கொள்ளும் இவ்வியல்பே பிழைக்குக் காரணம் என்று அவர்கள் காட்டினர்.

தமிழ் பயின்றோர்க்கு இதனை வேறோர் உவமையால் விளக்கலாம். சூடாமணி நிகண்டின் பதினொராந் தொகுதி எதுகை நிரலில் அமைந்தது. அதனை நெட்டுருச் செய்த பழைய மாணாக்கன் இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு சொற்களை விரைந்து எடுப்பான். அகராதியில் மட்டும் பழகிய இக்கால மாணாக்கனுக்கு முதலெழுத்தே கைகொடுக்கும். தமிழிலுள்ள சொற்கள் இருவர்க்கும் ஒன்றே. வேறுபடுவது நினைவுக் களஞ்சியத்திற் பொருளை அடுக்கிய முறை மாத்திரமே. அவ்வாறே, உலகில் நிகழும் இறப்புக்களும் இடர்களும் யாவர்க்கும் ஒன்றாயிருக்க, அவற்றை நம் நினைவில் அடுக்கி வைக்கும் பண்டசாலைக்காரனாகச் செய்தி அமர்ந்துள்ளது. முன்வரிசையில் எதனை அது வைக்கின்றதோ அதனையே நாம் மிகுதி என்கின்றோம்.

பத்திரிகையை அளந்தோர்

1978 ஆம் ஆண்டில் சேரா லிச்சென்ஸ்ரைன், போல் சிலோவிக் முதலிய ஆராய்ச்சியாளர் அமெரிக்க மக்கள் சிலரிடம் நாற்பத்தொரு மரண காரணங்களைக் கொடுத்து, எது எத்துணைப் பேரைக் கொல்லும் என மதிப்பிடுமாறு கேட்டனர். விடைகள் வியப்பைத் தருவன. பாரிசவாதத்தால் இறப்போர் எல்லா விபத்துக்களாலும் இறப்போரினும் ஏறத்தாழ இருமடங்கினராயிருக்க, ஐவருள் நால்வர் விபத்தே மிகுதி என்றனர். சுழற்காற்றிலும் தொய்வு நோய் ஏறத்தாழ இருபது மடங்கினரைக் கொல்வதாயிருக்க, சுழற்காற்றே பெரிது என்றனர். நோய்கள் யாவும் சேர்ந்து விபத்துக்களைப் போலப் பல மடங்கு உயிரைக் கவர்வன. இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதே அவர்கள் மதிப்பு.

இம்மதிப்பு எங்கிருந்து வந்தது? 1979 ஆம் ஆண்டில் பாபரா கோம்ப்ஸ் என்பவரும் சிலோவிக்கும் அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து ஒன்றும் மேற்கரையிலிருந்து ஒன்றுமாக இரு பத்திரிகைகளை எடுத்து, அவை எவ்வெம் மரணங்களை எத்துணை முறை எழுதின என எண்ணினர். நோயால் இறப்போர் கொலையுண்போரினும் ஏறத்தாழ நூறு மடங்கினர். எனினும், கொலை பற்றிய கட்டுரைகள் நோய் மரணம் பற்றியவற்றினும் மும்மடங்காக இருந்தன. விபத்தும் அவ்வாறே மிகைபடக் கூறப்பட்டிருந்தது. இரு பத்திரிகைகளும் ஆயிரக் கணக்கான கல் தொலைவில் வெளியாகியும், ஒன்றையொன்று ஒத்திருந்தன. மக்கள் மதிப்பும் மெய்க்கணக்கைச் சாராது பத்திரிகைக் கணக்கையே பெரிதுஞ் சார்ந்திருந்தது.

அரை நூற்றாண்டு அணுகியும் இந்நிலை மாறவில்லை. 2016 ஆம் ஆண்டின் செய்திகளைக் கொண்டு, அமெரிக்கப் பத்திரிகை ஒன்றும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் இவ்வாறே அளக்கப்பட்டன. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட மரணங்களுள் ஏறத்தாழ மூன்றிலொன்று இருதய நோயால் நேர்ந்தது. மரணச் செய்திகளுள் அதற்குக் கிடைத்த இடமோ நூற்றுக்கு இரண்டு மூன்றே. நூற்றிலொரு பங்குக்கும் எத்துணையோ குறைந்த மரணங்களை விளைத்த பயங்கரவாதம், செய்தியில் மூன்றிலொரு பங்கைக் கவர்ந்து கொண்டது.

ஈண்டு ஒரு தடை எழும். மக்கள் அச்சத்தைப் பத்திரிகை ஆக்கிற்றா? அன்றி மக்கள் அஞ்சுவதை அறிந்து பத்திரிகை அதனை எழுதிற்றா? இரண்டும் உடன்நிகழ்வதால் மாத்திரம் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகாது. இத்தடைக்கு விடை பின்னர்க் காட்டப்படும்.

செய்தி தெரியப்படும் வகை

பத்திரிகையாளர் வேண்டுமென்றே மயக்கம் விளைக்கின்றனர் என நாம் கூறவில்லை. நோர்வே நாட்டு அறிஞர் யொஹான் கால்ருங், மாரி ரூக் என்போர் 1965 ஆம் ஆண்டில், நிகழ்ச்சிகளுள் எவை செய்தியாகின்றன என்பதற்குச் சில விதிகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று மிக நுட்பமானது: நாள்தோறும் வெளிவரும் தாளுக்கு ஒரு நாளில் நிகழ்ந்து முடிவதே ஏற்புடையது. கப்பல் ஒரு நாளிற் கவிழும். வீடு ஓர் இரவில் எரியும். நீரிழிவோ இருபது ஆண்டுகளாக ஒருவன் உடம்பை அரிக்கும். எந்த நாளின் தலைப்பாக அதனை இடுவது? அன்றியும், எதிர்பாராதது செய்தியாகும், வழக்கமானது செய்தியாகாது. ஆகவே, செய்தியின் இலக்கணமே அருமைப்பாடு. அரியதைத் தெரிந்து கூறுதலே தொழிலாகக் கொண்ட ஒன்றிடம், எது பெருவழக்கு என நாம் வினவுகின்றோம். பிழை பாதி அதன்பாலும் பாதி நம்பாலும் உள்ளது.

மேலும், இடர்களின் தன்மையும் இதற்குத் துணை செய்கின்றது. தாமே விரும்பி ஏற்கும் இடரைவிடப் பிறரால் திணிக்கப்படுவதற்கும், பழகியதைவிடப் புதியதற்கும், ஒவ்வொருவராகக் கொல்வதைவிடப் பலரை ஒருங்கே கொல்வதற்கும் மக்கள் மிக அஞ்சுவர் எனச் சிலோவிக் 1987 ஆம் ஆண்டில் எழுதினார். நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காண்பாம். 2018 ஆம் ஆண்டில் இலங்கை வீதிகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் விபத்துக்களால் இறந்தனர். நாளொன்றுக்குச் சராசரி எட்டுப்பேர். அவ்வெண்மர் ஒரே பேருந்தில் இறப்பின் நாடே துயருறும். எட்டு ஊர்களில், எட்டு வீதிகளில், ஒருவர் துவிச்சக்கர வண்டியிலும் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளிலும் ஒருவர் வீதியைக் கடக்கும்போதுமாக இறப்பின், அவர்தம் சுற்றத்தாரன்றிப் பிறர் கண்ணீர் வடியார்.

பொருந்தா அச்சத்தாற் போன உயிர்கள்

அச்சம் தவறான இடத்திற் சென்று தங்குவதால் வருங் கேடு யாது என்பதற்கு மூன்று வரலாறுகளைக் கூறுவாம்.

முதலாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆந் திகதி, கடத்தப்பட்ட ஆகாய விமானங்கள் கட்டடங்களில் மோதிய காட்சி தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டுங் காட்டப்பட்டது. அதன்பின் பல அமெரிக்கர் விமானப் பயணத்தை விடுத்து மோட்டார் வண்டிகளில் நெடுந்தூரஞ் சென்றனர். விமானத்தைவிட வீதி பன்மடங்கு இடருடையது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில், இம்மாற்றத்தால் மாத்திரம் ஏறத்தாழ 1,500 பேர் மிகையாக வீதியில் இறந்தனர் என ஜேர்மானிய உளநூலார் கெர்ட் கிகரென்சர் கணித்தார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்து மாண்டோர் தொகையைப் போல இது பன்மடங்கு. இவ்விறப்புக்கள் தனித்தனியே நிகழ்ந்தமையால் எவர் கண்ணிலும் ஒரு பெருந் துயராகத் தோன்றவில்லை.

இரண்டாவது வேல்ஸ் நாட்டில் நிகழ்ந்தது. முன்னர் எழுந்த தடைக்கு விடையும் இதுவே. 1997 ஆம் ஆண்டில், சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே இடப்படும் தடுப்பூசியைப் பற்றிச் சுவான்சிப் பகுதிப் பத்திரிகை ஒன்று ஐயந் தரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. பின்னர் ஆராய்ந்தோர், அப்பத்திரிகை செல்லும் பகுதியில் ஊசி ஏற்ற குழந்தைகளின் விகிதம் 13.6 சதவீதமும், வேல்ஸின் ஏனைப் பகுதிகளில் 2.4 சதவீதமும் வீழ்ந்தன எனக் கண்டனர். நாடும் மக்களும் வைத்தியமும் ஒன்றாயிருக்க, வாசித்த தாள் ஒன்றே வேறாயிற்று, விளைவும் வேறாயிற்று. செய்தி அச்சத்தை ஆக்கவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

1998 ஆம் ஆண்டில் அன்ட்ரூ வேக்பீல்ட் என்னும் வைத்தியர் பன்னிரண்டு குழந்தைகளை மாத்திரம் ஆராய்ந்து, லான்செற் என்னும் வைத்திய இதழில் அவ்வூசியை ஓட்டிசம் என்னும் குறைபாட்டோடு தொடர்புபடுத்தும் கட்டுரையை வெளியிட்டார். பத்திரிகைகள் அதனைப் பெரிதாக எடுத்தோதின. இருபக்க வாதங்களையுஞ் சமமாக இடுதலே நடுநிலை எனக் கருதி, வைத்தியர் உலகமே இருகூறாய்ப் பிரிந்தது போன்றதொரு தோற்றத்தை உண்டாக்கின. டென்மார்க்கில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு அத்தகைய தொடர்பு இல்லை என்றது. லான்செற் 2010 ஆம் ஆண்டில் அக்கட்டுரையை மீட்டுக்கொண்டது. வேக்பீல்டின் பெயரும் அவ்வாண்டிலேயே பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. ஆயினும், ஊசியின்றி வளர்ந்த குழந்தைகள் இருந்தனர். 2012 ஆம் ஆண்டின் இறுதியிற் சுவான்சியைச் சூழ்ந்து சின்னமுத்துப் பரவிற்று, ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது, ஒருவர் இறந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட தாள்கள் மக்கிப் போயின. அவை விதைத்த ஐயமோ முளைத்துப் பயன் தந்தது. ஊசியை மறுத்த பெற்றோர் தம் பிள்ளைகள்பால் அன்பில்லாதவர் அல்லர். அன்பு மிக்கதனாலன்றோ அவர் அஞ்சினர்! அவ்வன்புக்குத் தவறான வழியைக் காட்டியதே ஆண்டு நேர்ந்த கொடுமை.

மூன்றாவது, சொல்லின் வகையால் விளைந்த கேடு. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறையும் நோயின் இடரை இருமடங்காக்கும் என்ற எச்சரிக்கை பிரித்தானியாவில் விடுக்கப்பட்டது. இருமடங்கு என்பது மெய்யே. பழைய மாத்திரையை உண்ட ஏழாயிரம் பெண்களில் ஒருவர்க்கு அந்நோய் வரும். புதியதை உண்ட ஏழாயிரவரில் இருவர்க்கு வரும். ‘ஏழாயிரத்துக்கு ஒருவர் மிகுதி’ எனக் கூறியிருப்பின் எவருங் கலங்கியிரார். ‘இருமடங்கு’ என்ற சொல்லைத் தலைப்பிற் கண்டோர் பலர் மாத்திரையை அறவே விடுத்தனர். அதன் விளைவாக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புக்கள் மிகையாக நிகழ்ந்தன எனக் கணிக்கப்பட்டது. கருவுறுதலே அம்மாத்திரையிலும் மிகுதியாக இரத்தம் உறைதலுக்கு இடந்தரும் என்பதையும் அவர்கள் அறிந்திலர். பொய் ஒன்றேனும் கூறப்படவில்லை. எனினும் உண்மை சென்று சேரவில்லை. கணிதமும் மொழியும் ஒன்றையொன்று துணையாகக் கொள்ளாவிடின் நேர்வது இதுவே.

மௌனத்தாற் போன உயிர்கள்

மிகையாகக் கூறுதல் போன்றே கூறாது விடுதலும் கேடு பயக்கும். இதற்கு நம் நாட்டு மலேரியாவின் வரலாறு தக்க சான்று. 1934 – 35 ஆம் ஆண்டுகளிற் பரவிய பெருங் காய்ச்சல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. பின்னர் டீ.டீ.ரி. மருந்து தெளித்தும், நோயாளரைத் தேடிச் சிகிச்சை செய்தும் அந்நோய் ஒடுக்கப்பட்டது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் நோயுற்றோர் பதினெழுவரே. பதினேழு என்பது செய்தியாகாத எண். தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, மக்களும் மறந்தனர். 1969 ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் பல்லாண்டு உழைத்த பின்னரே, 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வறிவிப்பு ஒருநாட் செய்தி. அதனைக் காத்துவரும் நாள்தோறும் நடைபெறும் உழைப்போ எக்காலத்துஞ் செய்தியாவதில்லை.

விசர்நாய்க்கடியும் அவ்வாறே. 1973 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இட்டும், கடியுண்டோர்க்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கொடுத்தும் அத்தொகை ஆண்டுக்குச் சில பதின்மராகக் குறைக்கப்பட்டது. கேடு திடீரென வரும், ஆதலின் செய்தியாகும். நன்மை மெல்ல வரும், ஆதலின் செய்தியாகாது. உலகம் நாள்தோறும் கெட்டு வருகின்றது என்று முதியோர் பலர் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிப் பாம்புக்கடியை நோக்குவாம். 2012 – 13 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று நடாத்திய ஆய்வொன்று, ஓராண்டிற் பாம்பு தீண்டியோர் தொகை ஏறத்தாழ எண்பதினாயிரம் என்றும், அவருள் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்றும் கணித்தது. தீண்டப்படுவோருட் பெரும்பாலோர் கமக்காரரும் நாட்டுப்புறத்தாருமாவர். வயல் வரம்பிற் புடையனும், இரவில் நிலத்திற் பாய்விரித்துத் துயில்வோரை எட்டடி விரியனும் தீண்டுதல் நம் கிராமங்கள் அறிந்ததே. ஆயினும், ஒரு வரம்பில் ஒருவர் மாண்டால், அச்செய்தி அயலூரைத் தாண்டுவதரிது. கயிற்றைப் பாம்பெனக் கண்டு நடுங்குவது திரிபு என்றோம். பாம்பைக் கயிறென எண்ணிக் காலை வைப்பதும் திரிபே. இரவில் விளக்கோடு நடத்தல், கட்டிலிலோ நுளம்புவலைக்குள்ளோ துயிலல், தீண்டியவுடன் காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லல் ஆகிய இச்சிறு செயல்கள், எத்தனையோ தலைப்புச் செய்திகளினும் மிகுதியான உயிர்களைக் காக்க வல்லன.

இவற்றினும் பெரிது இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, இலங்கையில் நிகழும் மரணங்களுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் விளைவன. சீனியும் உப்பும் புகையிலையும் மதுவும் உடலுழைப்பின்மையும் நாள்தோறும் நம் வீட்டிலே இருக்க, நாம் வெளியே எங்கோ உள்ள பகைவனைத் தேடி அஞ்சுகின்றோம்.

செய்தியின் சிறப்பு

இவ்வாறு கூறியதனால் பத்திரிகையை வெறுத்தொதுக்குக என்பது நம் கருத்தன்று. ஜேர்மனியிற் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்னும் மருந்து, கை கால் குறைந்த குழந்தைகள் பிறத்தற்குக் காரணம் என விடுக்கின்ட் லென்ஸ் என்னும் வைத்தியர் ஐயுற்று எச்சரித்தார். 1961 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆந் திகதி ஒரு பத்திரிகை அதனை வெளியிட்டது. அதனையொட்டி அம்மருந்து அந்நாட்டுச் சந்தையினின்று நீக்கப்பட்டது. அன்று அச்சம் தக்க இடத்தில், தக்க காலத்தில் எழுந்தது. பிறவாத குழந்தைகள் பலர் காக்கப்பட்டனர். ஆகவே, அச்சம் தன்னளவிலே தீதன்று. செய்தியும் தன்னளவிலே தீதன்று. அச்சத்தின் அளவும் இடரின் அளவும் ஒத்திருத்தலே வேண்டப்படுவது.

வாசிப்போன் வினவ வேண்டியவை

இடர் பற்றிய செய்தி ஒன்றை வாசிக்குங்கால், மாணாக்கன் தன்னைத்தானே ஐந்து வினாக்கள் வினவிக்கொள்வானாக.

ஒன்று: எத்தனை பேருள் எத்தனை பேர்? ‘இருமடங்கு’, ‘பெரும் அதிகரிப்பு’ என்னுஞ் சொற்கள் விடையாகா. எதன் இருமடங்கு என்பதே வேண்டும்.

இரண்டு: இதனைவிட்டு நான் மேற்கொள்ளப் போவதன் இடர் யாது? விமானத்தை விடுத்தோன் வீதியில் இறங்குகின்றான். ஊசியை மறுத்தோன் நோயை ஏற்கின்றான். இடரே இல்லாத வழி யாண்டுமில்லை.

மூன்று: இது செய்தியானது பெருவழக்காதலினாலோ, அருமையாதலினாலோ? இன்று செய்தியாகாத எது நேற்றும் இன்றும் நாளையும் நிகழ்வது?

நான்கு: கூறுவோர் நம்புதற்குரியோரா? பன்னிருவரை ஆராய்ந்தவர் ஒருவரும் பல இலட்சம் பேரை ஆராய்ந்தவர் பலரும் துலாக்கோலின் இரு தட்டுக்களில் சமமாக நிற்பதில்லை. எழுதியவர் பெயரும் ஊரும் அறியப்படாமற் கைத்தொலைபேசியில் வந்து சேரும் ஓலைகளுக்கு இவ்வினா இரட்டிப்பாக வேண்டும்.

ஐந்து: நான் செய்யத்தக்கது யாது? செயலாக மாறாத அச்சம் உள்ளத்தை அரிப்பதன்றி வேறு பயன் தாராது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிற் பயிற்சியாகவும் அமைக்கலாம். ஒரு திங்கட் காலத்துப் பத்திரிகைகளைத் தொகுத்து, அவை கூறும் மரணங்களைக் காரண வகையாற் பகுத்து எண்ணுமாறு மாணாக்கரை ஏவுக. பின்னர்ப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களம் வெளியிடும் மரணக் கணக்கையும், சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையையும் அவற்றோடு ஒப்பிடச் செய்க. தமிழ், கணிதம், சுகாதாரம் ஆகிய மூன்று பாடங்களும் ஒரு மேசையில் வந்து கூடும். தாமே எண்ணிக் கண்ட வேறுபாட்டை மாணாக்கர் எளிதில் மறவார்.

பழைய மாணவர்களுக்கும் ஒன்று கூறுவாம். உங்களுட் பலர் இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் அரசாங்க உத்தியோகத்தராகவும் பத்திரிகை எழுத்தாளராகவும் விளங்குகின்றீர்கள். உங்கள் வாக்கை ஊரார் உரையளவையாகக் கொள்கின்றனர். ‘தடுப்பூசி இடலாமா?’ என ஓர் இளந்தாயும், ‘இம்மருந்தை விடலாமா?’ என ஒரு முதியவரும் உங்களிடமே வந்து கேட்பர். கேட்டதை அப்படியே திருப்பிக் கூறாது, அளந்து கூறுங்கள். எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்பது நம் முன்னோர் கொள்கை. எழுத்தென்னுங் கண்ணை மாத்திரந் திறந்து செய்தியை வாசிப்போர்க்குத் தோற்றம் உண்டு, தொலைவு தெரியாது. இரு கண்ணையுந் திறந்து நோக்குவோர்க்கே, எது அண்மையிலுள்ள இடர், எது சேய்மையிலுள்ள நிழல் என்பது விளங்கும். அந்நோக்கு நம் கல்லூரி மாணவர் அனைவர்க்கும் வாய்ப்பதாக!